மாடம்பாக்கம் ரோட்டில் ஒரு ‘டக்’

எங்கள் பழைய எஸ்யூவியின் வைப்பர் பிளேடுகள் போன மழையிலேயே செத்துவிட்டன. துடைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு கண்ணாடியில் சேறு பூசும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவியபோது ரப்பர் நூல் நூலாகக் கையோடு வந்தது. மறுநாளே ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன்.

“எத்தனை இன்ச் சார்?” என்றார் கடைக்காரர்.

நான் அளந்துகொண்டு போகவில்லை. ஐம்பது வயது ஆம்பிளை அதை ஒப்புக்கொள்வானா? “இருபத்திரண்டு” என்றேன், பிறவி மெக்கானிக் மாதிரி.

“ரெண்டுமேவா?”

“ஒண்ணு மட்டும் குட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?”

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். அப்புறம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் நானே மாட்டினேன். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் கீறல் விழும் என்று ஓட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடியின் மேல் பக்கம் மனைவி பூஜையன்று அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாக இருந்தன. அதைத் துடைக்கக் கூடாது, தானாகத்தான் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

நாலு நாள் கழித்து மழை வந்தது. நாவலூர் ஆபீசிலிருந்து திரும்பி, மாடம்பாக்கம் ஏரியோரமாக வந்துகொண்டிருந்தேன். இருட்டப் போகும் நேரம், தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. தூறல் அப்போதுதான் கனத்தது; வைப்பரைப் போட்டேன்.

டக்.

எதன் மேலோ மோதிய சத்தம். அதே நொடியில் கண்ணாடியின் மேலிருந்து சிவப்பாக ஒன்று வழிந்து இறங்கியது. பிளேடு அதை இழுத்து என் முகத்துக்கு நேரே அகலமாகப் பூசியது. பிரேக்கை மிதித்தேன். சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் அணைத்தேன். சிவப்புக்குப் பின்னால் ரோட்டில் யாரோ படுத்திருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

ஒரு மனுஷனை இடித்துவிட்டேன். அதற்கு மேல் மூளை ஓடவில்லை. ஓடியது, பொய் சொல்வானேன்? ஜெயிலில் பி.பி. மாத்திரையை உள்ளே விடுவார்களா என்று யோசித்தது.

இறங்கினேன். வண்டிக்கு முன்னால் யாருமில்லை. குனிந்து அடியில் பார்த்தேன், தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. “அண்ணா... சார்... யாராவது இருக்கீங்களா?” என்று ஓரத்துப் புதரைப் பார்த்துக் கூப்பிட்டேன். புதர் அசைந்தது. மழைக்கு அசைந்திருக்கும். ஆனால் அந்த ஒரு இடம் மட்டும்தான் அசைந்தது.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

“இன்னா சார், மழைல நின்னுகினு புதராண்ட பேசிக்கினு கீற?”

“யாரையோ இடிச்சிட்டேன்பா. கண்ணாடி பூரா ரத்தம் பாரு.”

ஆட்டோக்காரர் அதை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். “ரத்தம் சந்தன வாசனை அடிக்குதே. சாமியத்தான் இட்ச்சிருப்ப.”

“சத்தம் கேட்டுச்சே!”

“வண்டிய ஆன் பண்ணு, பாப்போம்.”

பண்ணினேன். டக். இரண்டு பிளேடும் நடுக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன.

“அந்தாண்ட சின்ன சைஸ் போடணும் சார். எந்த மெக்கானிக் இப்டி பேஜார் பண்ணான்?”

“தெரியலப்பா, புது ஆளு” என்றேன்.

அவர் இடது பிளேடைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கீறாதபடி அதன் கம்பியில் துணியைச் சுற்றினார். “உன் பின்னாலயே வந்துகினு இருந்தேன். ஒரு ஆளும் குறுக்க வர்ல. வூட்டுக்குப் போ சார்.”

போனேன். ராத்திரி தட்டில் கை வைத்தபோதுதான் தோன்றியது: பின்னால் வந்தவருக்கு என் வண்டிக்கு முன்னால் நடந்தது எப்படித் தெரியும்?

காலையில், சின்ன பிளேடு வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நேராக ஏரியோரம் போனேன். குச்சியால் அந்தப் புதரை விலக்கினேன். உள்ளே ஒரு செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு, இடது கால்.

சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு குச்சியால் புரட்டினேன். அடியில் பச்சைப் பாசி படிந்திருந்தது. வாருக்குள் நுழைந்து ஒரு செடி வளர்ந்து, பூவும் விட்டிருந்தது. மாதக்கணக்காக அங்கேயே கிடந்திருக்கிறது.

இருந்தாலும் இன்னும் பத்தடி தள்ளிவரை தேடிவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.