இரண்டாவது பத்தி

முப்பது வருஷம் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். கூட்டாதே, குறைக்காதே, சொன்னதைச் சொல். இதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் யாராவது ஒரு சேதியைச் சுருக்கிச் சொன்னால்கூட எனக்கு எரிச்சல் வரும்.

அதனால்தான் ஒரு வக்கீல் என்னைக் கூப்பிட்டார். அவருடைய கட்சிக்காரன் மலேசியாவில் ஜொகூரைச் சேர்ந்தவன், இங்கே சாங்கி சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி. பையில் போதைப்பொருள் இருந்தது தனக்குத் தெரியாது என்று முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தான். பையைக் கொடுத்த ஆள் ஐரோப்பாவில் ஒரு நாட்டில் பிடிபட்டிருந்தான். அந்த ஆளின் கைப்பேசியில் இருந்த செய்திகள் கிடைத்தால் வழக்கை மறுபடி திறக்கலாம். அரசாங்கம் வழியாகக் கேட்டுவிட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்தார்கள். பதில் வந்துவிட்டது, அவனுடைய அக்காவுக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள் என்றார் வக்கீல். அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். தப்பித்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா பூன் லேயில் தொழிற்சாலை வேலை முடித்து நேரே தேக்காவில் இருந்த வக்கீல் ஆபீசுக்கு வந்திருந்தாள். கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். "எங்கள் அரசு மரண தண்டனையை எல்லாச் சூழ்நிலையிலும் எதிர்க்கிறது." முதல் பத்தி அவ்வளவுதான்.

"ஆன்ட்டி, அப்ப அந்த நாடு நம்ம பக்கந்தான் லா?" என்றாள். மறு நொடி தாயாருக்குப் போன் போட்டு அழுதாள். "அம்மா, தம்பியத் தூக்குல போடக்கூடாதுன்னு ஒரு நாடே எழுதியிருக்கும்மா."

கோர்ட்டாக இருந்தால் கையை உயர்த்தி, இன்னும் முடியவில்லை என்றிருப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. என் கண் அதற்குள் இரண்டாவது பத்தியைப் பார்த்துவிட்டிருந்தது.

அவள் போனை வைத்ததும் படித்தேன். ஆகையால், மரண தண்டனை உள்ள வழக்குக்கு எந்த ஆவணமும் தர இயலாது, தூக்கிலிட மாட்டோம் என்று உறுதி கொடுத்தால் ஒழிய. அந்த உறுதியை இங்குள்ள அரசாங்கம் கொடுக்கவில்லை.

"அவனக் காப்பாத்தத்தானே ஆன்ட்டி கேட்டோம்?"

நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொல்வதற்கு உதவ மாட்டோம் என்று ஒரு சட்டம். நல்ல சட்டம்தான்.

தாயாரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவர் அதற்குள் கோயிலுக்குப் போய் அந்த நாட்டின் பேரில் அர்ச்சனை செய்துவிட்டாராம். குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது மகனுடைய நட்சத்திரத்தைச் சொன்னாராம். இதைக் கேட்ட பிறகு நானும் அவரிடம் இரண்டாவது பத்தியைச் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அவனைத் தூக்கிலிட்டார்கள். மண்டாயில் தகனம் செய்தோம்.

ஊருக்குத் திரும்பும் முன் தாயார் என்னைப் பார்க்க வந்தார். மகள் அவர் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

"அந்த நாட்டுக்காரங்களுக்கு நன்றி சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கம்மா. அவங்களாச்சும் முடிஞ்ச வரைக்கும் பாத்தாங்க. எம்மவனுக்கு யாருமே இல்லாமப் போகலன்னு எழுதுங்க."

கூட்டாமல், குறைக்காமல் எழுதிக் கொடுத்தேன்.