டிக்கியில் இரண்டு மூட்டை உப்பு

மரக்காணத்தில் வாடகைக் கார் ஓட்டும் புருஷோத்தமனுக்குப் பகல் கனவு காணும் பழக்கம் உண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே காண்கிறான் என்று தெரிந்தால் பிழைப்பில் மண் விழும் என்பதால் யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லை. விடியும் நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி போகும்போது பக்கத்து உப்புப் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நிற்கும். வானம் முழுக்க அதற்குள் கிடக்கும். தரையில் ஓட்டுகிறோமா மேகத்தின் மேல் ஓட்டுகிறோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். நல்ல வேளை, அந்த இடத்தில் சாலை நேராகப் போகிறது.

அவனும் ஒரு காலத்தில் அந்தப் பாத்திகளில் நின்றவன்தான். உப்பு மூட்டையை லாரிக்கு ஏற்றினான், பிறகு லாரியையே ஓட்டினான், நாற்பதைத் தாண்டியபின் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினான். மனைவி அம்சவள்ளியை அவன் முதலில் பார்த்ததும் பாத்தியில்தான். தை மாதம் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் தோளில் கைபோட்டு வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி "மிதி" என்று குரல் கொடுப்பாள். எல்லாக் கால்களும் ஒன்றாக இறங்கும். ஒருத்திக்கு வழுக்கினால் பக்கத்துத் தோள் பிடித்துக்கொள்ளும். மிதித்து முடித்த தரையில் தண்ணீர் விட்டால் மூலைக்கு மூலை ஒரே உயரத்தில் நிற்கும். அந்த வரிசையில் சிரித்துக்கொண்டே மிதித்தவள் இவள் ஒருத்திதான். அன்றைக்கு லாரியில் ஏற்ற வேண்டிய மூட்டையை அவன் தவறிப்போய் வேறு லாரியில் ஏற்றிவிட்டான்.

இருபது வருஷம் குனிந்து உப்பு வாரியதில் அம்சவள்ளியின் முதுகு போய்விட்டது. டிஸ்க் விலகியிருக்கிறது, குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷமாக அவள் முழுசாகத் தூங்கியதில்லை. ஒருக்களித்துப் படுப்பாள், எழுந்து உட்காருவாள், திரும்பவும் படுப்பாள். பக்கத்தில் படுத்திருக்கும் புருஷோத்தமன் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். அவன் விழித்திருப்பது தெரிந்தால் அவள் அசையாமல் வலியை அடக்கிக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவன் காருக்கு என்ன செய்தான் பாருங்கள். கோட்டக்குப்பத்துக்கு துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவரின் காரில் பெரிய பதினேழு இன்ச் அலாய் வீல்களைப் பார்த்தான். அவ்வளவுதான், மயங்கிவிட்டான். அதே மாதிரி வாங்கி மாட்டினான். அந்த வீலுக்கு டயர் ஒட்டினாற்போல மெலிசாகத்தான் வரும். ரப்பரின் பக்கவாட்டு உயரம் மூன்று விரல்கூட இல்லை. வேகத்தடையில் அடிப்பாகம் இடிக்கிறது என்று ஸ்பிரிங்குகளுக்கு நடுவே கெட்டி ரப்பர் பஃபர்களைச் செருகினான். காற்றையும் கல் மாதிரி அடித்தான். கார் மாப்பிள்ளைக் கணக்காக நின்றது. கடற்கரைச் சாலையில் வழுக்கிக்கொண்டும் போனது.

ஆடி மாதம், மகள் சத்யப்ரியா உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு இருவரும் அதே காரில் புதுச்சேரி நெல்லித்தோப்புக்குப் போனார்கள். கோட்டக்குப்பம் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் அந்த மாப்பிள்ளைக் காரின் சாயம் வெளுத்தது. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாய் மூடிய தெருக்கள், மழையில் பெயர்ந்த தார், ஒட்டுப்போட்ட மேடு. ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் அந்த மெலிந்த டயரைத் தாண்டி, வீலில் பட்டு, நேராக அம்சவள்ளியின் முதுகுத்தண்டுக்கே வந்தது. அவள் கத்தவில்லை. முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். திரும்பி வந்து வாசலில் இறங்கியதும் சொன்னாள்.

"ஏங்க, இனிமே என்னை இந்த வண்டியில ஏறச் சொல்லாதீங்க. ஆயுசுக்கும் ஏறமாட்டேன்."

ஐப்பசியில் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். பிரசவமும் புதுச்சேரியிலேயே, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது என்று சம்பந்தி வீட்டார் முடிவு செய்துவிட்டார்கள். வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துவந்து கூடவே வைத்துக்கொள்ளும் கொடுப்பினை அம்சவள்ளிக்கு இல்லை. அவள் கையில் மிச்சமிருந்தது ஒன்றுதான்: கண்ணாடி வளையலுக்கு முன்னால் வேப்பங்குச்சியை வளைத்துப் போடும் முதல் காப்பு. அதைத் தாய்தான் போடுவாள்.

"நீங்களே போயிட்டு வாங்க. காப்பை அவ மாமியா போடட்டும்" என்றாள் அம்சவள்ளி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

புருஷோத்தமனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வாடகைக்கு வருகிற ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன், பெண்டாட்டியை மகள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதா? மறுநாள் கோட்டக்குப்பம் ஜக்கரியா பாயின் பட்டறையில் போய் நின்றான்.

பாய் காரை ஒரு சுற்று சுற்றி வந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னா புருசு, ரேசுக்குப் போறியா? ரோடு பாத்தியா நம்ம ஊர்ல?"

"சிரிக்காதீங்க பாய். வள்ளிக்கு முதுகு குலுங்கக்கூடாது. இன்னா பண்ணணும், சொல்லுங்க."

பாயின் சிரிப்பு நின்றது. "மொதல்ல இந்த ஷோக்கு வீலைக் கழட்டு. கம்பெனி குடுத்த பதினாலு இன்ச்சே போதும். வீலு சின்னதானா டயரு தடியா வரும். பள்ளத்தை டயரு வாங்கிக்கும், உள்ள விடாது. ஸ்பிரிங்குல செருகியிருக்கியே, அந்த ரப்பரைத் தூக்கிப்போடு. ஸ்பிரிங்கு அமுங்கறதுக்குத்தான் இருக்குது, நீ அதுக்கு முட்டுக் குடுத்திருக்கே. ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப்போச்சு, மாத்தணும். காத்தை ஒழுங்கா அளந்து அடி."

எல்லாம் செய்தார்கள். பழைய வீல்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி வந்தன. கார் மாப்பிள்ளைத்தனம் போய் குடும்பஸ்தனாக நின்றது. ஓட்டிப் பார்த்தான், முன்பக்கம் மெத்தையாக இறங்கியது. பின்பக்கம் மட்டும் கொஞ்சம் துள்ளியது.

"காலியா ஓட்டினா பின்னாடி குதிக்கத்தான் செய்யும். பாரம் வேணும். ஆள் உக்காந்தா ஸ்பிரிங்கு எறங்கும், அப்புறம் பாரு" என்றார் பாய்.

புருஷோத்தமன் காதில் பாரம் என்பது மட்டும்தான் விழுந்தது. திரும்பும் வழியில் அதே யோசனை. அன்றிரவு ஒரு கனவு வேறு. நெல்லித்தோப்புத் தெரு முழுக்க ஈரக் களிமண். பெண்கள் தோளில் கைபோட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, கடை வாசல்களுக்கு நடுவே மிதித்துக்கொண்டே வருகிறார்கள். அவர்கள் பின்னால் தெரு பளபளவென்று சமமாகிக்கொண்டே வருகிறது. பஸ்காரர்கள் ஹாரன் அடிக்காமல் காத்து நிற்கிறார்கள். விழித்தபோது அவன் முகம் சிரித்தபடி இருந்தது.

எழுந்தவன் நேராக உப்பளத்துக்குப் போனான். மரக்காணத்துக்காரனுக்குப் பாரம் என்றால் வேறு என்ன நினைவுக்கு வரும்? இரண்டு மூட்டை உப்பைக் கொண்டுவந்து டிக்கியில் அடுக்கினான். பின்பக்கம் அடங்கி உட்கார்ந்தது. கூட டாக்ஸி ஓட்டும் ராஜவேலுவை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் தானே படுத்துக்கொண்டு நான்கு பள்ளங்களில் ஏறி இறங்கிப் பார்த்தான். தோணியில் போகிற மாதிரி இருந்தது. படுத்தபடியே கூரையைப் பார்த்து, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான். அவனுக்கு அழுகைகூட வந்தது.

மூட்டைகள் டிக்கியிலேயே கிடந்தன. புரட்டாசி முழுக்க வாடகைக்கு வந்தவர்களின் பெட்டிகளை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னான். அம்சவள்ளியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் பஜார் வரை அழைத்துப்போனான். அவள் இறங்கி, "ம், தேவலை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் மிதந்தான். வளைகாப்புக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள்.

அவளோடு உப்பளத்தில் வேலை பார்த்த திரௌபதியும் சகாயமேரியும் வரிசைத் தட்டு தூக்கி வருவதாகச் சொன்னபோது, "நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துடுங்கக்கா. வள்ளி பின்னாடி காலை நீட்டிப் படுத்துக்கணும்" என்று சொல்லிவிட்டான். திரௌபதிக்கு மூஞ்சி சுருங்கியது. அதைப் பார்க்கிற நிலையில் அவன் இல்லை.

வளைகாப்பன்று காலையில் மழை விட்டிருந்தது. அம்சவள்ளி பச்சைப் பட்டுச் சேலையில் வாசலுக்கு வந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பிய அந்த இரண்டு பேரும் தட்டுகளோடு நின்றிருந்தார்கள். அம்சவள்ளி காரில் ஏறவில்லை. காருக்கடியில் சொட்டிக்கொண்டிருந்த ஈரத்தைப் பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ஏங்க, இது மழைத்தண்ணி இல்லியே. உப்பு கசிஞ்ச கடுப்புத் தண்ணி."

புருஷோத்தமன் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். அடைமழைக் காற்றின் ஈரத்தைக் குடித்து மூட்டைகள் கசிந்திருந்தன. அந்த நீர் டிக்கியின் ஓட்டை வழியாக இறங்கி, புது ஷாக் அப்சார்பரிலும் ஸ்பிரிங்கிலும் வழிந்து, காய்ந்து, வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். பூவுக்கடியில் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. காற்றிலேயே இரும்பு அரிக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவன், உப்பை மூட்டையாகக் கட்டி இரும்பின் தலைமேலேயே வைத்திருக்கிறான்.

"அறிவு கெட்டவனே" என்று தன்னையே திட்டிக்கொண்டு மூட்டைகளை இழுத்து வெளியே தள்ளினான். ராஜவேலு ஓடி வந்து பைப்பில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான், ஸ்பானரால் தட்டிப் பார்த்தான்.

"இன்னிக்கு ஒடையாது. மெதுவாப் போ. நாளைக்கே ஸ்பிரிங்கை மாத்திடு. ஆனா பாரம் இல்லாம பின்னாடி குதிக்குமே?"

அம்சவள்ளி மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பினாள். மடியில் முடிந்து வைத்திருந்த வேப்பங்குச்சியை அவிழ்த்து அவனிடம் நீட்டினாள்.

"பரவாயில்லைங்க. குடுத்துடுங்க அவகிட்ட. ஆத்தா குடுத்துச்சின்னு சொல்லுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. அவன் கைநீட்டி அதை வாங்கவில்லை.

"பாரந்தானே வேணும்?" என்றாள் திரௌபதி. அவள் நல்ல ஆகிருதி. சகாயமேரியும் சளைத்தவள் இல்லை. "எங்க ரெண்டு பேரை வுட்டா வேற இன்னா பாரம் வேணும் உனக்கு? உப்புக்கு எடம் குடுத்தே, எங்களை பஸ்ஸுக்கு அனுப்பினே!"

ராஜவேலு சிரித்துவிட்டான். புருஷோத்தமனுக்கு ஜக்கரியா பாய் சொன்னது அப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது: ஆள் உட்கார்ந்தால்.

அம்சவள்ளியை நடுவில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் அவர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். பழமும் அரிசியும் டிக்கிக்குப் போயின. கார் பின்பக்கம் இறங்கி அடங்கியது. "கை போடுடி" என்றாள் திரௌபதி. மூன்று பேரும் தோள்மேல் கைபோட்டுக் கோத்துக்கொண்டார்கள். "ஏம்பா, பள்ளம் வந்தா முன்னாடியே கொரல் குடு. மறந்துடாதே."

கடற்கரைச் சாலையில் தொந்தரவில்லை. பெரிய முதலியார்சாவடி போனது, கோட்டக்குப்பம் போனது. ஊருக்குள் முதல் பள்ளம், மழைநீர் நிறைந்து ஆழம் தெரியாமல் கிடந்தது. புருஷோத்தமன் வேகத்தைக் குறைத்தான்.

"மிதி!" என்று கத்தினான். பள்ளம் என்றுதான் சொல்ல நினைத்திருந்தான். வாயில் வந்தது அதுதான்.

பின்னால் ஆறு கால்கள் ஒன்றாகத் தரையை அழுத்தின. மூன்று உடம்பும் ஒரே உடம்பாக எழும்பி ஒன்றாக இறங்கியது. தடித்த டயர் பாதியை வாங்கிக்கொண்டது, ஸ்பிரிங் கொஞ்சம், மிச்சத்தை அந்த இரண்டு தோள்களும். கண்ணாடியில் பார்த்தான். அம்சவள்ளி கண்ணை இறுக்க மூடியிருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அடுத்தது வருது பாருங்க, ரோட்டைப் பாருங்க" என்றாள்.

நெல்லித்தோப்பு வரை அவன் மிதி, மிதி என்று கத்திக்கொண்டே போனான். பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது பள்ளத்திலேயே பின்சீட்டில் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் களிமண்ணில் கேட்ட அதே சிரிப்பு. அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டியதில் ஒரு திருப்பத்தை விட்டுவிட்டான்.

நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அம்மா வரமாட்டாள் என்றே இருந்த சத்யப்ரியா, வாசற்படியில் அவளைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அம்சவள்ளி மடியிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்து, வளைத்து, மகளின் கையில் முதல் காப்பைப் போட்டாள். போட்டுவிட்டு அந்தக் கையை விடவேயில்லை. அடுத்த வளையலோடு மாமியார் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் திரும்பினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பேச்சு அடங்கிவிட்டது. மரக்காணம் நெருங்கும்போது புருஷோத்தமன் கண்ணாடியைப் பார்த்தான். அம்சவள்ளி திரௌபதியின் தோளில் தலை சாய்த்து, லேசாக வாய் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். நடிப்பில்லாத தூக்கம். இரண்டு வருஷமாகப் பார்க்காத முகம் அது.

வீட்டுக்குத் திரும்பும் தெருவில் வேகத்தடை இருக்கிறது. வண்டி நின்றாலும் விழித்துவிடுவாள். அவன் திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் நேராகப் போனான். மழைநீர் நிறைந்த பாத்திகளில் சிவந்த வானம் விழுந்து கிடந்தது. கார் அதன் மேலேயே போவது போலிருந்தது.

"ஏம்பா, ஊரு பூடுச்சே" என்றாள் திரௌபதி மெல்லிய குரலில்.

"தூங்குறாக்கா."

திரௌபதி குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். தன் தோளை அசைக்காமல், கோத்திருந்த கையையும் எடுக்காமல், "அப்ப போ" என்றாள்.

புருஷோத்தமன் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டான். வடக்கே கடப்பாக்கம் வரைக்கும் போகலாம். அதற்கு மேலும் போகலாம்.