தம்பி எடுத்த வீடியோ

எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. கரியாலூர்ப் பக்கம் காட்டில் ஒரு குரங்கைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள். அதைப் படம் பிடித்தவனின் குரல் என் தம்பியுடையது.

"இன்னாடா இது?" என்றேன்.

"இப்பிடிப் போட்டாதான்க்கா ஜாஸ்தி பேரு பாக்கறாங்க. கொரங்கு அங்கதான் கட்டிப் போட்டபடி கெடக்குது. நாளைக்கி இன்னொன்னு எடுக்கணும்."

அந்த 'நாளைக்கி' என்னை உட்கார விடவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கடைசியில் வனத்துறைக்குப் போன் செய்து தம்பியின் பெயரைச் சொன்னேன்.

குரங்கை உயிரோடு மீட்டார்கள். தம்பிமேல் வழக்குப் போட்டார்கள்.

"கூடப் பொறந்தவன காட்டிக் குடுத்துட்டியேடி" என்று அம்மா அழுதார்.

அந்த வீடியோ இன்னும் யார் யார் போனிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. நான் செய்தது சரிதான். ஆனாலும் அவன் கோர்ட்டுக்குக் கிளம்பும் நாட்களில் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போகிறேன். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.