பதினேழாம் நம்பருக்கு எதிரான வழக்கு

நட்சத்திரமாக முயன்று, ஆக முடியாமல் போனவற்றைத் தேடிப் பிடிப்பது என் தொழில். புனேயில் ஓர் ஆய்வு நிலையத்தில் பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். தான் பார்க்கும் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கப் போய்ப் பாதியில் கைவிட்ட எல்லோரும் தாராளமாக இதைப் படிக்கலாம். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஒன்பது மாடி விளக்கம்

புனேயின் ஹடப்சர் பகுதியில் எங்கள் குடியிருப்பில் ரேவதி என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருக்கிறார். மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு நாள் லிஃப்டில் ஏறியதும், அப்படி என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டார். என் வீடு ஒன்பதாவது மாடி. அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

வாயுவும் தூசும் கலந்த பெரிய மேகம் துண்டு துண்டாகச் சுருங்கி நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று ஆரம்பித்தேன். சில துண்டுகளுக்கு எடை போதாது. உள்ளே அணு உலை பற்றிக்கொள்ளாது. பிறந்தபோது கிடைத்த சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு அவை மெல்ல ஆறிக்கொண்டே இருக்கும். பழுப்புக் குள்ளன் என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் மிகக் குறைவு. அகச்சிவப்புக் கருவிக்குத்தான் தெரியும். பிறந்த இடத்திலேயே தேடினால் சூடு இன்னும் ஆறியிருக்காது, பிடிப்பது சுலபம். லிஃப்ட் நின்றது. ரேவதி யோசனையோடு சொன்னார்:

"சரியா வேலை செய்யாததைக் கண்டுபிடிச்சுச் சொன்னா எங்க ஆபீஸ்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிங்க கை தட்டறாங்க?"

கேக் கிடையாது

தமிழ்க் குடும்பங்கள் கூடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் குழந்தைகளுக்குப் பேசச் சொன்னார்கள். பழுப்புக் குள்ளனையும்விடச் சிறியவை உண்டு, கோள் அளவு எடைதான் இருக்கும், ஆனால் எந்தச் சூரியனையும் சுற்றாமல் தனியாக மிதக்கும் என்று சொன்னேன். படமும் காட்டினேன். பெற்றோர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் வரிசையில் ஏழு வயதிருக்கும் ஒரு சிறுமி கை தூக்கினாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. சூரியனை ஒரு தடவை சுற்றி வந்தால் ஒரு வருடம்தானே என்று முதலில் உறுதி செய்துகொண்டாள். ஆமாம் என்றேன். உடனே அவள் முகம் வாடிவிட்டது.

"அப்போ அதுக்கு பர்த்டேவே வராதா, அங்கிள்?"

எதிர்த்தரப்பு

எங்கள் குழுவில் இரண்டே பேர்: நானும் அம்ருதாவும். அம்ருதா விமானத் தளம் இருக்கும் லோஹேகாவ்காரி, விமானப்படைக் குடும்பம். தலைக்கு மேல் விமானம் போனாலும் பேச்சை நிறுத்தாமல், குரலை மட்டும் கூட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அவளுடையது ஒப்பந்த வேலை. மார்ச்சில் முடிகிறது. உறுதியான ஒரு பொருளையாவது கண்டுபிடித்துக் காட்டினால்தான் நீட்டிப்பு என்று நிலையத்தின் நிர்வாகக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

நாற்பது சிவப்புப் புள்ளிகளில் ஆரம்பித்தோம். இந்தத் தொழிலின் பெரிய தொல்லை தூசு. மாலைச் சூரியன் சிவப்பாகத் தெரிவதுபோல, தூசு மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சாதாரண நட்சத்திரமும் சிவப்பாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும். ஒவ்வொன்றாகத் தள்ளிய பின் மிஞ்சியது பதினேழாம் நம்பர். அம்ருதா கண்டுபிடித்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புள்ளியை ஒருவர் கண்டுபிடித்தால், மற்றவர் அதற்கு எதிராக வழக்காட வேண்டும். இரக்கம் கூடாது. பதினேழுக்கு நான் எதிர்த்தரப்பு. அவள் வேலையே இதில் தொங்குகிறதே, இந்த ஒரு தடவை விட்டுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அம்ருதா கோபத்தோடு பதினேழின் கோப்பை என் பக்கம் தள்ளினாள்.

"ஸர், பாவம் பார்த்து விட்டீங்கன்னா, நான் கண்டுபிடிச்சேன்னு எப்படிச் சொல்லிக்கிறது?"

பேய்

அகச்சிவப்புக் கருவிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றின் ஒளி அதன் மேல் விழுந்தால், தொலைநோக்கி நகர்ந்த பிறகும் அதே இடத்தில் மங்கலான தடம் கொஞ்ச நேரம் நிற்கும். பளிச்சென்ற விளக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் ஒரு பொட்டு மிதக்குமே, அதுபோல. நாங்கள் அதைப் பேய் என்போம்.

பதினேழு தெளிவாகத் தெரிந்தது இரண்டாம் எண் படத்தில் மட்டும். பிறகு மெல்லிய மேகம் வந்துவிட்டதால் மற்ற படங்களில் வெறும் கறைதான். பட்டியலில் இரண்டுக்கு முந்தைய படத்தைத் திறந்தேன். பதினேழு இருந்த அதே இடத்தில், பிரகாசமான நட்சத்திரம் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பதினேழு அதன் பேய்தான். வழக்கு முடிந்தது.

அம்ருதாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள், உறுதி செய்து தரும் பெரிய தொலைநோக்கிக்காரர்களுக்கு எந்தப் பொருளைப் பார்ப்பது என்று எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லை. அவள் தன் டிபன் டப்பாவைத் திறந்து, அவல் போஹாவில் பாதியை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நல்லவேளை, நீங்க சொன்னீங்க. ஊரைக் கூட்டினதுக்கு அப்புறம் வேற யாராவது சொல்லியிருந்தா?"

இடம் காலி செய்ய வந்தவர்

எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் ஜோசப். மூன்று தலைமுறையாகப் புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் இருக்கும் குடும்பம். அவர் தமிழில் இந்தியும் மராத்தியும் தாராளமாகப் புழங்கும். வியாழக்கிழமை, வேண்டாத படங்களை அழித்து இடம் காலி செய்ய வந்தார். பதினேழின் படங்களைக் காட்டி, இவற்றை அழித்துவிடுங்கள் என்றேன்.

அவர் அழிக்கவில்லை. பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் படங்களை இந்த வரிசையிலா எடுத்தார்கள் என்று கேட்டார். ஆமாம், மேலிருந்து கீழாக என்றேன். அப்போதுதான் உறைத்தது. கணினி படங்களின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்து அடுக்கும். ஒன்று என்ற இலக்கத்தில் ஆரம்பிப்பதெல்லாம் முதலில் வந்துவிடும். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அதற்கப்புறம்தான் இரண்டு. நான் 'முந்தைய படம்' என்று திறந்தது பன்னிரண்டாம் படம். அந்த நட்சத்திரம் அங்கே வந்து உட்கார்ந்ததே, பதினேழைப் படம் எடுத்துப் பத்துப் படங்களுக்குப் பிறகு. இன்னும் வராத நட்சத்திரத்துக்குப் பேய் எப்படி வரும்? ஜோசப் மெதுவாக என் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொண்டார்.

"அரே ஸார், எங்க ரேஷன் கடையில பத்தாம் நம்பரை ரெண்டுக்கு முன்னாடி கூப்பிட்டா மாராமாரி, அடிதடி ஆயிடும். இங்க யாருமே கேக்கலையா?"

இரண்டு மணி நேரம்

வெள்ளிக்கிழமை காலை பதினேழின் பெயரை எழுதி அனுப்பினோம். அதற்கு முன் அம்ருதா நேரப்படி வரிசைப்படுத்தி, உண்மையான முந்தைய படத்தை மூன்று தடவை பார்த்தாள். அதில் தொலைநோக்கி வேறு பக்கம் பார்த்திருந்தது; கருவியின் அந்த இடத்தில் பேயை விட்டுச்செல்ல எந்த நட்சத்திரமும் இல்லை.

தொலைநோக்கியில் கிடைத்தது இரண்டு மணி நேரம். அந்தப் புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து வரைபடமாக அனுப்பினார்கள். தூசுக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரமென்றால் கோடு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். இதில் இரு பக்கமும் ஆழமான பள்ளம், நடுவில் கூம்பு. பள்ளம் நீராவியால் வருவது. சாதாரண நட்சத்திரத்தின் சூட்டில் நீராவி தங்காது. கூம்பு, வயது குறைவு என்பதற்கு அடையாளம். எடை வியாழன் கோளைப் போலச் சில மடங்குதான் இருக்கும். சுற்றி வரச் சூரியன் எதுவும் பக்கத்தில் இல்லை.

மார்ச் முடிவதற்குள் நீட்டிப்புக் கடிதம் வந்தது, இரண்டு வருடத்துக்கு. அம்ருதா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நல்ல தமிழிலும் சுமாரான மராத்தியிலும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் போன மாதம் குறித்து வைத்திருந்த புதுப் புள்ளியின் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது உங்களோடதுதானே ஸர்? எதிர்த்தரப்பு நான்."

ஆக, பல நூறு வருடம் பயணம் செய்து வழி தவறாமல் வந்து சேரும் ஒளியைக்கூட, கடைசி ஓரடியில், படிப்பும் அனுபவமும் உள்ள ஒருவரால் தொலைத்துவிட முடியும் என்பதே இத்தனை வருடத்தில் நான் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்திருக்கும் ஒரே உண்மை.