தலைமையாசிரியருக்கு விக்கல் வரவழைத்த போலீஸ்

அம்பாசமுத்திரத்துப் பக்கத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் பேச்சியம்மாள்தான். ஓடி ஓடி வாங்கிய கோப்பைகளைக் காட்டித்தான் போலீஸில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு அவளை யாரும் ஓடச் சொல்லவில்லை. மயிலாப்பூரில் அவளுக்கு வாய்த்ததெல்லாம் நிற்கிற வேலை. ஊர்வலம் வந்தால் நிற்பாள், மந்திரி வந்தால் நிற்பாள், யாரும் வராவிட்டாலும் நிற்பாள்.

1994 பங்குனியில், மாட வீதிக்குப் பின்னால் இருந்த ஓர் ஆண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவும் பி பிரிவும் கிரிக்கெட் மேட்சில் ஜெயித்தது யார் என்று அடித்துக்கொண்டன. சண்டை தெருவுக்கு வந்து, வழியே போன பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. முழுப் பரீட்சை முடியும்வரை பள்ளியில் ஒரு போலீஸ் இருக்கட்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆண் காவலர்கள் எல்லோரும் திருவிழா பந்தோபஸ்தில் இருந்ததால் மிஞ்சியவள் பேச்சியம்மாள். தேர்க் கூட்டத்தில் நசுங்குவதற்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி எவ்வளவோ தேவலை என்று சந்தோஷமாகவே போனாள்.

தலைமையாசிரியர் சுப்பராமன் இந்த ஏற்பாட்டுக்கு எதிரி. “படிக்க வர்ற பசங்களா, கைதிகளா?” என்று மேலதிகாரிகளிடம் வாதாடித் தோற்றுவிட்டு வந்திருந்தார். பேச்சியம்மாள் அவர் அறைக்குள் நுழைந்து பூட்ஸ் அதிர சல்யூட் அடித்தாள்.

“வாங்கோ, ஒக்கா... விக்!”

தண்ணீர் குடித்தார், சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார், மூச்சை அடக்கினார். விக்கல் நிற்கவில்லை. அவள் வெளியே போனதும் நின்றது. திரும்ப எட்டிப் பார்த்தாள். விக்!

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்குக் காக்கியைக் கண்டால் விக்கல். தபால்காரர் வந்தால் லேசாக வரும். ஆட்டோக்காரரும் காக்கிதான் என்பதால் வீட்டிலிருந்து நடந்தே வருவார். பள்ளி பியூனுக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்ததும் இதனால்தான்.

மறுநாள் காலைப் பிரார்த்தனையில் நிலைமை முற்றிவிட்டது. மரத்தடியில் பேச்சியம்மாள் நிற்க, மேடையில் சுப்பராமன் மைக்கைப் பிடித்தார். “ஒழுக்கம் என்பது... விக்!” பள்ளி மொத்தமும் பதிலுக்கு “விக்!” என்றது.

அன்று மாலை அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினார். “உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லேம்மா. ஆனா நீங்க இருந்தா நான் பேச முடியாது.”

பேச்சியம்மாளுக்குப் பாவமாக இருந்தது. வேப்பமரத்தை விடவும் மனமில்லை. “சார், நாளைலேர்ந்து சேலையில வாறேன். யார்ட்டயும் சொல்லிராதீய.”

கிளிப்பச்சைச் சேலையில் வந்தாள். விக்கல் போன இடம் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சுப்பராமன் ஒரு காரியம் செய்தார். பூகோள வாத்தியார் லாசர் கன்னம் வீங்கி வீட்டில் படுத்திருந்தார். அவருடைய பி பிரிவு கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. “சித்த நேரம் அங்க போய் ஒக்காருங்கோளேன்” என்று அவளை அனுப்பிவைத்தார்.

“இன்னாக்கா, துப்பாக்கி கீதா?” என்றான் முதல் பெஞ்சுப் பையன்.

“லத்தியையே ஸ்டேஷன்ல வச்சுட்டு வந்துட்டேன். பாடத்தை எடுல!”

பாடம் நதிகள். அவளுக்குத் தெரிந்த நதி தாமிரபரணி ஒன்றுதான். எந்தப் படித்துறையில் வழுக்கும், எந்த மடுவில் சுழல் இழுக்கும், எங்கே துணி துவைத்தால் மீன் வந்து காலைக் கடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். ஏ பிரிவுக்காரர்கள் ஜன்னல் கம்பியில் தொங்கினார்கள். அடுத்த வாரமும் தாமிரபரணியே ஓடியது.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி திடீரென்று ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மூன்று கான்ஸ்டபிள்கள். இத்தனை காக்கியைச் சேர்ந்தாற்போலப் பார்த்ததும் சுப்பராமன் நாற்காலியோடு குலுங்கினார்.

“எங்க சார் எங்க ஆளு?”

“விக்! விக்!”

சத்தம் கேட்டு, கையில் சாக்பீஸோடு பேச்சியம்மாள் ஓடிவந்தாள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் ஓடிய முதல் ஓட்டம் அது. விறைப்பாக நின்று செருப்புக் காலைத் தரையில் அடித்தாள். செருப்பு வார் அறுந்து பறந்தது.

“யூனிஃபார்ம் எங்கம்மா?”

சாக்பீஸைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “மஃப்டி டியூட்டி சார். ரகசியக் கண்காணிப்பு.”

பின்னாலேயே ஓடிவந்திருந்த பி பிரிவு ஒரே குரலில் கத்தியது. “ஆமா சார்! இவங்க போலீஸுன்னு யாருக்குமே தெரியாது சார்!”

இன்ஸ்பெக்டர் பையன்களை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். மீசைக்கடியில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. சுப்பராமன் பக்கம் திரும்பினார். “பள்ளிக்கூடத்துல போலீஸ் வேணுமா, வேணாமா? நீங்க வேணாம்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன். இருக்கட்டுமா சார்?”

சுப்பராமன் வாயைத் திறந்தார். “விக்!” தலை கீழே இறங்கி ஏறியது.

“அடுத்த வருஷமும்?”

“விக்! விக்! விக்!”

“இவ்வளவு ஆசையா! சரி, ஏற்பாடு பண்றேன்” என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் சுப்பராமனுக்குக் குரல் வந்தது. “ஐயோ, நான் வேண்டாம்னு சொல்ல வந்தேன்!”

பேச்சியம்மாளின் முகம் விழுந்துவிட்டது. அறுந்த செருப்பைப் பொறுக்கிக்கொண்டு, “நெசமாவா சார்?” என்றாள்.

ஜீப் போன குஷியில் பி பிரிவு வகுப்புக்குத் திரும்பிக் கூச்சல் போட, அவர் அந்தப் பக்கம் கையைக் காட்டினார். “பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ் கூடாது. இப்பவும் அதுதான் என் கட்சி. ஆனா லாசர் வர்றவரைக்கும் பி பிரிவுக்கு ஆள் வேணுமே. நீங்க கிளாஸுக்குப் போங்கோ, பசங்க கத்தறா.”

கன்ன வீக்கம் வடிந்து லாசர் திரும்பியது, பரீட்சைத் தாள் திருத்தும் நேரத்துக்கு. ‘இந்தியாவின் மிக நீளமான நதி எது?’ என்ற கேள்விக்கு பி பிரிவு முழுக்க ‘தாமிரபரணி’ என்று எழுதியிருந்தது. ஏ பிரிவிலும் பாதிப் பேர். லாசர் வரிசையாகச் சுழி போட்டுக்கொண்டே போனார்.

பேச்சியம்மாள் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். “எங்க ஆத்துக்குச் சைபரா சார்? அரை மார்க்காவது போடுங்க.”

லாசர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வருஷமும் அவள் இங்கேதான் என்ற உத்தரவு அதற்குள் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். பெருமூச்சு விட்டுவிட்டு, முதல் தாளை மறுபடி எடுத்தார்.