முறுக்கிவிட்டு எறியவும்

இசக்கிசெல்வி போன மாதம் வரை தன் வாழ்நாளில் ஒரு மீனைக்கூடத் தூண்டிலில் பிடித்ததில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் ஆற்றிலும் காயலிலும் தூண்டில் போடுகிற எங்களில் பாதிப் பேர் அவளைக் கேட்காமல் ஒரு கொக்கிகூட வாங்க மாட்டோம். இதில் என்ன குறை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தனக்குப் பல்வலி வந்ததில்லை என்று சொன்ன பல் டாக்டரை யாராவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா?

நான் பூதலிங்கம். கரமனையில் வீடு, தம்பானூரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. என்னிடம் ஐந்து தூண்டில் ராடும், நூல் சுற்றுகிற ரீல் ஏழும் இருக்கின்றன. பிடித்த மீன்களைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

சாலைக் கடைத்தெருவில் வேலப்பன் அண்ணாச்சியின் இரும்புக் கடைக்கு வள்ளியூர்க்காரியான செல்வி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வந்தது ஆணி நிறுத்துக் கொடுக்க. கடையின் பின்மூலையில் ஒரு கண்ணாடி மேசை. அதில்தான் தூண்டில் சாமான்கள். யாரோ பழுதென்று விட்டுப்போன ரீல் ஒன்றை அவள் ஒரு மத்தியானம் கழற்றிப் பார்த்திருக்கிறாள். திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்பிரிங் மிச்சம். மறுபடி கழற்றினாள். நாலாவது தடவை மிச்சம் எதுவும் இல்லை, ரீலும் வெண்ணெய்போலச் சுற்றியது. அன்றைக்கே அந்த மேசை அவளுடையதாகிவிட்டது.

முதல்முறை நான் போனபோது கடையிலேயே நீளமான ராடைக் கையில் எடுத்தேன்.

"எங்க போடப் போறீங்க சாரே?" என்றாள்.

"கரமனை ஆத்துல. வரால் பிடிக்கணும்."

"ஆத்தங்கரை முச்சூடும் மரமால்லா கெடக்கு? ஏழடி போதும். இது ஒம்பதடி. மரத்துலதான் மீன் பிடிப்பீங்க."

எனக்கு ரோஷம். ஒன்பதடியைத்தான் வாங்கினேன். வராலை ஏய்க்க இரையாகக் கட்டின என் ரப்பர் தவளை ஒன்று இன்னும் அந்த ஆற்றங்கரை மாமரத்தில் தொங்குகிறது, போய்ப் பாருங்கள்.

அவள் வேலையில் இரண்டு பழக்கங்கள் உண்டு. புது நூல் சுற்றும்போது ஈரத் துணியை வைத்து நூலை விரலிடுக்கில் அழுத்திக்கொண்டேதான் சுற்றுவாள். தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கிற நேரம் மேல்நூல் அடிநூலுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளுமாம். இன்னொன்று, கழுவித் துடைத்த ரீலின் தலையில் இருக்கிற திருகை நன்றாகத் தளர்த்திவிடுவாள். மீன் இழுத்தால் நூல் எவ்வளவு விறைப்பாக ஓட வேண்டும் என்பதை அந்தத் திருகுதான் முடிவு செய்கிறது. இறுக்கியே வைத்தால் உள்ளே இருக்கிற வட்டுகள் நசுங்கிப்போகும். அதனால் தளர்த்திவிட்டு, தூண்டிலை எறியுமுன் மறுபடி இறுக்க மறக்காதபடி ஒரு சீட்டில் 'முறுக்கிவிட்டு எறியவும்' என்று எழுதிக் கட்டித்தான் தருவாள். சீட்டு இல்லாமல் ஒரு ரீலும் அந்த மேசையை விட்டு வெளியே போனதில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் போன மாதம் அண்ணாச்சி கூப்பிட்டு, "செல்வி, அடுத்த மாசத்துல இருந்து நீ ஆணிப் பக்கமே வந்துரு. தூண்டில் மேசைய ரெஜி பாத்துக்கிடட்டும்" என்றார்.

ரெஜி எங்கள் தூண்டில்காரர் சங்கத்திலேயே அதிக மீன் பிடிக்கிறவன். தன் ரீலில் யாரையும் கை வைக்க விடமாட்டான், செல்வியைக்கூட. புதிதாக வருகிற ஆட்கள், 'மீனே பிடிக்காத பொம்பளை சொல்லி நாங்க கேக்கணுமா?' என்கிறார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செல்வி கோபப்படவில்லை.

"ஞாயித்துக்கெழம வெள்ளாயணிக் காயல்ல போட்டி இருக்குல்லா, அண்ணாச்சி? நான் ஒரு மீனு பிடிச்சா?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "ஒத்த மீனு பிடி. மேசை ஒனக்குத்தான். நானே வந்து பாக்கேன்."

சனிக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ கடையில் நாலு பேர் ரீலுக்குச் சீட்டுக் கட்டிவிட்டு, கடைசியாகப் போட்டிக்கென்று எடுத்துவைத்த தன் ரீலையும் கழுவித் துடைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஞாயிறு காலை வெள்ளாயணியில் திருவிழாக் கூட்டம். மீன் பிடிக்கத் தெரியாதவன் என்பதால் சங்கத்தில் எனக்கு அளவுப்பலகை பிடிக்கிற வேலை. பிடித்த மீனை அளந்து, உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும். செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாமரை இலைகளின் ஓரமாக நின்றாள். பத்து மணிக்குப் போட்டி முடிகிற விசில். ஒன்பதேமுக்கால் வரை ஒன்றும் இல்லை. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவர் கடிகாரத்தைப் பிடுங்கிக் காயலில் எறியலாம்போல் இருந்தது.

அப்போதுதான் இலையோரம் 'தொபுக்' என்றது. அவளுடைய ரப்பர் தவளையைக் காணவில்லை!

"வெட்டி இழு செல்வி, இழு!" என்று கத்தினேன்.

அவள் ராடை வெட்டி இழுத்தாள். ராடு வளையவே இல்லை. ரீல் 'கிர்ர்ர்' என்று அலறியது. நூல் அது பாட்டுக்கு ஓடுகிறது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஒரு விரற்கடைகூட உள்ளே வரவில்லை. எனக்குப் பளிச்சென்று புரிந்தது. ஊர் ரீலுக்கெல்லாம் சீட்டுக் கட்டினவள் தன் ரீலுக்குக் கட்டவில்லை. திருகு தளர்ந்தபடியே கிடக்கிறது!

"முறுக்கு! முறுக்கு!" என்று கரை முழுக்கச் சத்தம். மீன் ஓடுகிற வேகத்தில் கண்டபடி முறுக்கினால் நூல் அறுந்துபோகும். அவள் கை திருகுக்குப் போகவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக எங்கே போய்ப் பழகியதோ அங்கேயே போனது. ஆள்காட்டி விரலால் நூலை ராடோடு சேர்த்து அழுத்தினாள். ராடு வில்லாக வளைந்தது. கொக்கி ஏறிவிட்டது!

அழுத்திக்கொண்டு ராடைத் தூக்கினாள், தாழ்த்திக்கொண்டே சுற்றினாள். மறுபடி அழுத்தினாள், தூக்கினாள். மீன் திமிறும்போது விரலைக் கொஞ்சம் விட்டாள், தளர்ந்ததும் பிடித்தாள். எவ்வளவு அழுத்தினால் நூல் தாங்கும் என்று அந்த விரலுக்குத் தெரியும். விரல் ஓரத்தில் ரத்தம் வழிந்தது. நான் பலகையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் குதித்தேன், எனக்கு வெட்கமே இல்லை.

"சேச்சி, விடல்லே! விரல் எடுக்கல்லே!" என்று, விரலை எடுக்காதே என மலையாளத்தில் கத்திக்கொண்டே ஒருவன் கைவலையோடு இடுப்பளவுச் சேற்றில் பாய்ந்தான். யார் என்று பார்த்தால் ரெஜி! அவன்தான் வலையை அடியில் கொடுத்துக் கோரி எடுத்தான். கறுப்பாக, என் கைத்தண்டு கனத்தில் வரால். பலகையில் வைத்தேன்: அறுபத்தொரு சென்டிமீட்டர். அன்றைக்கு வந்ததிலேயே பெரியது. கரை அதிர்ந்தது.

செல்வி மட்டும் தன் ரீலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "அண்ணாச்சி, எந் தப்பு. நான் முறுக்காம எறிஞ்சிட்டேன்" என்றாள். எனக்கு அவள் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது. மேசையே கைக்கு வந்தாயிற்று, இப்போது எதற்கு இந்த அரிச்சந்திர வேலை?

அண்ணாச்சி பதில் சொல்லுமுன் ரெஜி சேற்றோடு கரையேறினான். "அண்ணாச்சி, எனிக்கு அந்த மேசை வேண்டாம். முறுக்காத்த ரீல் வச்சு என்னைக்கொண்டு பற்றூலா, கேட்டோ" என்றான். முறுக்காத ரீலில் மீனைக் கரையேற்றத் தன்னால் ஆகாதாம்.

அண்ணாச்சி தன் தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து அவளிடம் நீட்டினார். "மொதல்ல வெரலக் கட்டு. நாளைக்குக் கடையில வேலை கெடக்கு."

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் சாலைக்கு ஓடினேன். விரலில் கட்டோடு செல்வி மேசைக்குப் பின்னால் இருந்தாள். பழுது பார்த்து வைத்த ரீல்கள் வரிசையாக இருந்தன. ரெஜியின் ரீலும் முதல்முறையாக அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவளுடைய ரீல், கழுவி, துடைத்து, தளர்த்தி. அதிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது: 'இசக்கிசெல்வி. முறுக்கிவிட்டு எறியவும்.'