வியாழக்கிழமைகளில் அளந்த கால்

பிசியோதெரபி படித்து முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில். தொண்ணூறுகளின் கடைசி அது. எலும்பு முறிந்து மாவுக்கட்டில் கிடந்த காலின் தசை எப்படி மாறுகிறது, கட்டைப் பிரித்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஆடுசதையில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை வைத்தால், திரையில் தசைநார்கள் சாய்ந்த கோடுகளாகத் தெரியும், தென்னை மட்டையிலிருந்து கீற்றுகள் கிளம்புவது மாதிரி. படத்தை அச்செடுத்து, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பாகைமானியால் அந்தச் சாய்வை அளப்பேன். தசையின் தடிமனையும் நாரின் நீளத்தையும் குறித்துக்கொள்வேன். சும்மா கிடந்த காலில் தசை மெலிந்து, சாய்வு படுத்து, நார் குட்டையாகியிருக்கும்.

ஆய்வுக்கு வந்தவர்களில் ஒரு அக்கா, பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் ஆபரேட்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், ஊர் தர்மபுரிப் பக்கம். மழையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது கால் எலும்பு முறிந்திருந்தது. கட்டைப் பிரித்த அன்றே எங்களிடம் அனுப்பினார்கள். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். படித்துச் சொல்லவேண்டியது என் பொறுப்பு.

"வாராவாரம் வந்தா மிஷின்ல காலைப் பாப்போங்கக்கா. வலிக்காது. இங்க ஒரு கையெழுத்து," என்றேன். மூன்று பக்கத்தை அவ்வளவில் முடித்துவிட்டேன். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

நான் சொல்லாமல் விட்ட பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. வருகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரித்திருந்தோம். ஒரு குழுவுக்கு நான் உடற்பயிற்சி சொல்லித் தருவேன். இன்னொரு குழுவுக்கு ஒன்றும் கிடையாது, அளப்பது மட்டும்தான். யார் எதில் என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். அக்காவின் கவரைப் பிரித்தேன். அளப்பது மட்டும்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் இரண்டு பஸ் மாறி வருவார். தலை சீவி, பூ வைத்து, கோயிலுக்கு வருகிற மாதிரி வருவார். என்னை டாக்டரம்மா என்பார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். ஜெல்லின் குளிர்ச்சிக்குக் காலைச் சற்று இழுத்துக்கொள்வார், பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "இன்னும் கொஞ்ச நேரம் வைங்களேன் டாக்டரம்மா. போன தடவை வச்சதுல ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு."

படம் எடுக்கிற கருவியை அவர் வைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். முனையை எடுத்து மறுபடியும் காலில் வைத்தேன். ஒரு நிமிடம் வைத்திருந்தேன். "தேங்க்ஸ்ங்க," என்றார்.

அன்று மாலை ஆய்வை நடத்திய பேராசிரியரிடம் போனேன். நல்ல மனிதர், எங்கள் குடும்பத்தைப் போலவே பல தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம்.

"சார், அந்தக் கார்மெண்ட்ஸ் அக்கா தப்பா புரிஞ்சிட்டிருக்காங்க. ரெண்டு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்துடட்டுமா?"

"அவங்க கண்ட்ரோல் குரூப்மா. குடுத்தா டேட்டா போயிடும். ஆறு மாசம் முடியட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் தடுத்தார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வியாழக்கிழமைகளில் அந்த அறையில் நானும் அக்காவும் மட்டும்தான் இருந்தோம். கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள் அக்கா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

அக்கா வலிக்குப் பயந்து காலை இழுத்து நடந்தார். தசைக்குப் பிடிவாதம் கிடையாது, கேட்ட வேலைக்குத் தகுந்தபடி மாறிக்கொள்ளும். இழுத்து நடக்கிற காலுக்கு எவ்வளவு தசை போதுமோ அவ்வளவிலேயே அவருடையது நின்றது. பயிற்சி செய்தவர்களின் கோடுகள் வாராவாரம் நிமிர்ந்துகொண்டிருந்தன. இவருடையது படுத்தே கிடந்தது. இரண்டு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது. பேராசிரியர் சந்தோஷப்பட்டார்.

ஆறு மாதம் முடிவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது அக்கா வருவது நின்றது. கால் தாங்காததால் வேலையை விட்டுவிட்டார் என்று கூட வேலை செய்த ஒரு பெண் போனில் சொன்னாள். எங்கள் கோப்பில் அவர் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று எழுதினேன்.

ஆய்வு முடிந்தபின், பயிற்சிகளைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளி போனேன். வரிசை வீடுகளில் கடைசி அறை. அக்கா வாசலில் உட்கார்ந்து துணிகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். எழப் பார்த்தார், கதவைப் பிடித்துத்தான் எழ முடிந்தது.

"வராம விட்டதுக்குக் கோச்சுக்காதீங்க டாக்டரம்மா. மிஷின் வச்சதாலதான் இவ்வளவாச்சும் நடக்கறேன்."

அப்போதுதான் சொன்னேன். அந்த மிஷின் படம் மட்டுமே எடுக்கும் என்றும், காலுக்கு அது ஒன்றும் செய்யாது என்றும், செய்யவேண்டியதை நான் தெரிந்தே சொல்லவில்லை என்றும். அவர் மறுபடி உட்கார்ந்து பிசிறு வெட்ட ஆரம்பித்திருந்தார், நான் சொன்னபோதும் நிறுத்தவில்லை. சட்டை ஒன்றை முடித்து மடித்து வைத்தார்.

"அப்ப எதுக்குங்க என்னை வரச் சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளவே கேட்டார். எங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் செய்யப்படாத ஒரு கால் தேவைப்பட்டது. அதை எந்த மொழியில் சொல்வது? தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். இடது கால் எழுந்தது. வலது பாதம் தரையிலேயே இருந்தது.

"இப்ப செஞ்சா சரியாயிடுமா?"

"கொஞ்சம் ஆகும்க்கா. தினமும் செய்யணும்."

கணுக்கால் இறுகிப்போயிருந்ததை நான் பார்த்திருந்தேன். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு கொஞ்சம் என்று எனக்குத் தெரியும். அவர் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, "டீ சாப்பிடறீங்களா?" என்றார். குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்த அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. அக்கா எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரை வெளியானபோது, உதவியவர்கள் வரிசையில் என் பெயரும் வந்தது.